காலையில் 28, ராத்திரி 25: வீட்டுக் கொழுப்பு மெஷின் ஏன் மாற்றிச் சொல்கிறது?

கண்ணாடித் தகட்டு மெஷினில் ஏறி நின்றால் எடை, கொழுப்பு, தசை, எலும்பு, நீர், 'உடல் வயது' என்று பத்துப் பன்னிரண்டு எண்கள் போனில் வந்து விழும். அத்தனையையும் மெஷின் அளந்துவிட்டது என்று நினைப்பதில்தான் பாதிக் குழப்பம் இருக்கிறது. அது அளப்பது இரண்டே இரண்டு: எடை, மின்தடை.

காலடியில் நான்கு தகடுகள் உண்டு. பொதுவாக, விரல் பக்கத்து இரண்டும் ஒரு மில்லியாம்பியருக்கும் குறைவான மின்னோட்டத்தை ஒரு காலில் ஏற்றி மறு காலில் இறக்கும். குதிகால் பக்கத்து இரண்டும் மின்னழுத்தத்தைப் படிக்கும். தசையில் நீர் அதிகம், மின்சாரம் எளிதாக ஓடும். கொழுப்பில் நீர் குறைவு, தடுக்கும். இப்படிக் கிடைத்த தடையோடு உங்கள் உயரம், வயது, எடை, ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்து ஒரு சூத்திரத்தில் போட்டு, உடம்பில் எத்தனை லிட்டர் நீர் என்று மெஷின் ஊகிக்கும். கொழுப்பு நீங்கலான உடம்பில் சுமார் 73 சதவீதம் நீர் என்பது பொதுக் கணக்கு. அதை வைத்துக் கொழுப்பில்லாத எடை வரும். மொத்த எடையில் அதைக் கழித்தால் மிச்சம் கொழுப்பு.

அந்த 'மிச்சம்' என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். நீரில் நடக்கும் பிழை, எடையில் நடக்கும் பிழை, நீங்கள் தட்டிய உயரத்தில் இருக்கும் பிழை எல்லாம் கடைசியில் கொழுப்பின் தலையில்தான் விழும். கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்து கிளைத்தவை. கீழே 'புள்ளி' என்று வருமிடமெல்லாம் ஒரு சதவீதப் புள்ளி: 25 என்பது 26 ஆனால் ஒரு புள்ளி.

எந்தக் கோளாறானாலும் முதலில் இதைச் செய்யுங்கள்

ஐந்து நிமிடத்துக்குள் மூன்று தடவை ஏறி இறங்குங்கள். ஆனால் சும்மா ஏறி இறங்கினால் போதாது. பல மெஷின்களுக்கு ஒரு கள்ளத்தனம் உண்டு: முன்பு பார்த்த எடைக்கு 200, 300 கிராம் வித்தியாசத்துக்குள் இருந்தால் புதிதாகப் படித்ததைக் காட்டாமல் பழைய எண்ணையே காட்டிவிடும், மெஷின் வெகு துல்லியம் என்று நாம் நம்பட்டும் என்று. அதை முறிக்க, ஒவ்வொரு முறைக்கும் நடுவில் 5 லிட்டர் எண்ணெய் கேனில் தண்ணீர் நிரப்பிக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு தடவை ஏறி இறங்குங்கள். பிறகு வெறுங்கையோடு ஏறுங்கள்.

வெறுங்கையோடு பார்த்த மூன்று எண்ணும் அரைப் புள்ளிக்குள் இருந்தால் மெஷினும் தரையும் பாதமும் சரி. நாளுக்கு நாள் ஆடுவது உங்கள் உடம்பு நீர். மூன்றும் ஒன்றுக்கொன்று ஒரு புள்ளிக்கு மேல் விலகினால் கோளாறு காலுக்கும் தகட்டுக்கும் நடுவில், அல்லது மெஷினுக்கும் தரைக்கும் நடுவில். எந்தப் பக்கம் தேட வேண்டும் என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

"காலைல 28 காட்டுது, சாயங்காலம் 25 காட்டுது"

மெஷின் பழுதில்லை. படுத்திருக்கும்போது நீர் உடம்பு முழுக்கச் சமமாகப் பரவிக் கிடக்கும். எழுந்து நின்று, நடந்து, உட்கார்ந்து பொழுது போகப் போக அது கால் பக்கம் இறங்கும். மின்னோட்டம் போகும் வழியும் கால்தானே? காலில் நீர் கூடினால் தடை குறையும், கொழுப்பும் குறைவாகத் தெரியும். ஜவுளிக்கடையில் காலையிலிருந்து நின்றுகொண்டே இருப்பவர்களுக்கு இந்த இறக்கம் மற்றவர்களைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

தீர்வு ஒன்றுதான்: ஒரு வேளையைப் பிடித்துக்கொண்டு அதிலேயே நிற்பது. சில தயாரிப்பாளர்கள் இரவுச் சாப்பாட்டுக்கு முந்தைய மாலை வேளையைச் சொல்வார்கள். நம் வீடுகளில் அந்த வேளை ஒருநாள் இருப்பதுபோல் மறுநாள் இருப்பதில்லை. காலைதான் கட்டுக்குள் வரும். எழுந்ததும் கழிப்பறைக்குப் போய்வந்து, வாசல் தெளிப்பது, பால் வாங்குவது என்று இருபது முப்பது நிமிடம் நடமாடிவிட்டு, காப்பி குடிப்பதற்கு முன் ஏறுங்கள். படுக்கையிலிருந்து நேராக மெஷினுக்குப் போகாதீர்கள்.

"ஒரு சொம்புத் தண்ணி குடிச்சதுக்கு ஒரு புள்ளி ஏறிட்டு"

கணக்குப் போட்டுப் பாருங்கள். எடை 70 கிலோ, கொழுப்பு 25 சதவீதம். அதாவது கொழுப்பு 17.5 கிலோ, மற்றது 52.5 கிலோ. ஒரு லிட்டர் தண்ணீர் குடித்ததும் எடை 71. தண்ணீர் இன்னும் வயிற்றில்தான் கிடக்கிறது, கால் வழியாகப் போகும் மின்சாரத்துக்கு அது தெரியாது. மெஷின் கணக்கில் 52.5 அப்படியே நிற்கும். மிச்சம் 18.5 கிலோ, 26.1 சதவீதம். குடித்தது தண்ணீர், எழுதியது கொழுப்பு. பதநீரோ, நுங்கோ, ஒரு தட்டு இட்லியோ எல்லாவற்றுக்கும் இதே கதைதான். சாப்பிட்டுக் குறைந்தது மூன்று மணி நேரம் கழித்து ஏறுங்கள்.

"வ.உ.சி. மைதானத்துல ஓடிட்டு வந்து பாத்தா சரசரன்னு இறங்கிருக்கு"

மேலே சொன்ன கணக்கின் மறுபக்கம். பாளையங்கோட்டை வெயிலில் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு லிட்டர் வியர்ப்பது பெரிய காரியமில்லை. எடை 69. உடம்பு சூடாகி, தோலுக்கு ரத்த ஓட்டம் கூடியிருப்பதால் தடை ஏறுவதில்லை, சில சமயம் குறையவே செய்யும். மெஷின் 52.5 கிலோவை அப்படியே வைத்துக்கொள்ளும். மிச்சம் 16.5, அதாவது 23.9 சதவீதம். ஒரு மணி நேரத்தில் ஒரு கிலோ கொழுப்பு கரைந்தது என்று படம் பிடித்துக் குடும்ப குரூப்பில் போடுகிறவர்கள் உண்டு. போன கிலோ ரெண்டு சொம்பு மோரில் திரும்பி வந்துவிடும்.

குழப்பம் மறுநாள்தான் ஆரம்பிக்கும். அக்னி நட்சத்திர நாட்களில் குடித்தது போதாமல் உடம்பு ஒரு லிட்டர் நீர்க்குறைவோடு காலையில் எழுந்தால், சூடு தணிந்திருக்கும், நீர்க்குறைவு உடம்பு முழுக்கப் பரவியிருக்கும், தடை ஏறியிருக்கும். இப்போது மெஷின் அந்த ஒரு லிட்டரை 0.73-ஆல் வகுத்து, கொழுப்பில்லாத எடையில் 1.37 கிலோ போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளும். எடை 69, மற்றது 51.13, மிச்சம் 17.87. விடை 25.9 சதவீதம். ஆக அதே ஒரு லிட்டர் வியர்வை, அன்றைக்குப் பார்த்தால் ஒரு புள்ளி இறங்கும், மறுநாள் பார்த்தால் ஒரு புள்ளி ஏறும். கொழுப்பு இரண்டு நாளும் 17.5 கிலோதான்.

உடற்பயிற்சி முடிந்து பன்னிரண்டு மணி நேரம் ஆகாமல் ஏறாதீர்கள். மாலை ஐந்து மணிக்கு ஓடுகிறவருக்கு மறுநாள் காலை சரியாக இருக்கும், முந்தின இரவு ஒழுங்காகத் தண்ணீர் குடித்திருந்தால்.

"குத்தாலத்துல குளிச்சிட்டு வந்தா ஏறுது"

குளிர்ந்த தோலில் தடை கூடும், கொழுப்பு கூடுதலாகத் தெரியும். அருவியானாலும் ஆறானாலும் வீட்டுத் தொட்டித் தண்ணீரானாலும் குளித்து ஒரு மணி நேரமாவது ஆகட்டும். ஈரக்காலோடு ஏறினால் பிழை எதிர்த்திசையில் போகும்: தகட்டுக்குத் தகடு நீர்ப்படலம் பாலம் போட்டு, மின்சாரம் உடம்புக்குள் ஏறாமலே கண்ணாடி மேல் குறுக்கே ஓடும்.

"மூணு தடவை ஏறினா மூணு எண் வருது" அல்லது எடை மட்டும் வந்து கொழுப்பு வராமல் நிற்கிறது

இது தொடர்புக் கோளாறு. கீழே சொல்லும் வரிசையிலேயே பாருங்கள், பெரும்பாலும் முதல் இரண்டிலேயே முடிந்துவிடும்.

முதலில் பாதம். செருப்பில்லாமல் வயலிலும் செம்மணல் தேரியிலும் நடந்த கால், பித்தவெடிப்பு உள்ள குதிகால், காய்ப்பு ஏறிய முன்பாதம் இவையெல்லாம் காய்ந்த தோலாகத் தடுப்பு போடும். வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் காலை ஊறவைத்து, நுரைக்கல்லால் தேய்த்து, துடைத்து, கால் மணி நேரம் ஆறவிட்டு ஏறிப் பாருங்கள். எண் நிலைத்தால் காரணம் தெரிந்துவிட்டது. தினமும் ஊறவைக்க முடியாது என்றால் ஈரத் துணியால் பாதத்தை ஒரு துடை துடைத்துவிட்டு, சொட்டும் ஈரம் இல்லாமல் ஏறுவது போதும். தினமும் அதே மாதிரி செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது எண்ணெய். நல்லெண்ணெய் மின்சாரத்தை விடாது. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்த கால் சீயக்காய் போட்ட பிறகும் மறுநாள் வரை வழவழவென்று இருக்கும். அந்தப் படலம் தகட்டிலும் ஒட்டிக்கொள்ளும். தகட்டை வாரம் ஒருமுறை, துளி பாத்திர சோப்பு கலந்த ஈரத் துணியால் துடைத்து, வெறும் ஈரத் துணியால் மறுபடி துடைத்து, காயவிடுங்கள். தகடே கண்ணுக்குத் தெரியாமல் கண்ணாடி முழுக்கப் பளிங்காக இருக்கும் மெஷின்களில் மேலே மெல்லிய மின்கடத்திப் பூச்சு உண்டு. அதை ஸ்கிரப்பரோ தேய்ப்பு நாரோ தொடக்கூடாது. பூச்சில் கீறல் விழுந்தால் திரும்பச் சரிசெய்ய வழியில்லை.

மூன்றாவது நிற்கும் விதம். குதிகால் பின்தகட்டில் முழுதாகப் படிய வேண்டும். அது கண்ணாடியில் விழுந்தால் மின்னழுத்தம் படிக்கும் முனையே இல்லாமல் போகும். தொடைகள் ஒட்டினால் மின்சாரம் இடுப்பு வரை போகாமல் நடுவிலேயே குறுக்கு வழியில் இறங்கிவிடும், கொழுப்பு குறைவாக வரும். வேட்டியோ நைட்டியோ எதுவானாலும் அந்தத் துணியை இரண்டு தொடைக்கும் நடுவில் வருமாறு செருகிக்கொள்ளுங்கள். மெட்டியும் கொலுசும் பெரிய வித்தியாசம் செய்யாது, போட்டால் எப்போதும் போட்டே பாருங்கள்.

கடைசியில் தரை. நான்கு கால்களுக்கும் அடியில் ஒவ்வொரு எடை உணரி இருக்கிறது. பத்தமடைப் பாயின் மேலோ, மிதியடியின் மேலோ, பழைய செங்கல் தளத்தின் மேடு பள்ளத்திலோ வைத்தால் உணரிகளில் ஒன்று பாரம் வாங்காது. மொசைக் அல்லது டைல்ஸ் தரையில் ஒரு மூலையைத் தேர்ந்து, மெஷினின் கால் விழும் இடத்தைச் சாக்பீஸால் குறித்துவிடுங்கள். இடம் மாற்றினால் முதல் தடவை ஏறி இறங்கி அந்த எண்ணை விட்டுவிடுங்கள். மெஷின் பூஜ்ஜியம் பிடிப்பதற்காக அது.

எடையே சந்தேகமாக இருந்தால், கட்டுப் பிரிக்காத அரிசி மூட்டையை மெஷினில் வைத்துப் பாருங்கள். பையில் அச்சிட்டிருக்கும் நிகர எடையைப் படிக்காமல் 25 என்று முடிவு கட்டாதீர்கள், இப்போது 26 கிலோ மூட்டையும் கடைகளில் வருகிறது. 200, 300 கிராம் முன்னே பின்னே இருந்தால் விட்டுவிடலாம். ஒரு கிலோ தப்பினால் செல்லை மாற்றிப் பாருங்கள். உவரி, கூடங்குளம் போலக் கடலோரத்தில் உப்புக்காற்று செல் முனையில் பச்சையாகப் பூத்திருக்கும். செல்லைக் கழற்றிவிட்டு, எலுமிச்சைச் சாறு தொட்ட பஞ்சால் துடைத்து, பிறகு நல்ல தண்ணீர் தொட்டுத் துடைத்து, நன்றாக உலர்த்தி மாட்டுங்கள்.

"எடை ரெண்டு கிலோ குறைஞ்சிருக்கு, கொழுப்பு மட்டும் ஏறிருக்கு"

சோற்றைக் குறைத்த முதல் வாரத்தில் இப்படி வருவதைப் பார்த்துத்தான் பலர் மெஷினையோ டயட்டையோ தூக்கிப் போடுகிறார்கள். இரண்டும் வேண்டாம். மாவுச்சத்து தசையிலும் ஈரலிலும் கிளைக்கோஜனாகச் சேர்ந்திருக்கும். ஒவ்வொரு கிராமும் தன்னோடு ஏறக்குறைய 3 கிராம் நீரைப் பிடித்துவைத்திருக்கும். சோறு குறைந்ததும் முதலில் காலியாவது இந்தச் சேமிப்பு. அந்த 2 கிலோவில் 1.5 கிலோ நீர், அரைக் கிலோதான் கொழுப்பு என்று வையுங்கள். மெஷின் கணக்கில் 1.5 லிட்டர் நீர் போனது, கொழுப்பில்லாத எடையில் 2.05 கிலோ போனதாக ஆகிவிடும். எடை 68, மற்றது 50.45, மிச்சம் 17.55 கிலோ. அது 25.8 சதவீதம். உண்மையில் கொழுப்பு 17 கிலோவுக்கு இறங்கியிருக்கிறது.

இதே காரணத்தால், ஞாயிற்றுக்கிழமை கல்யாண வீட்டில் சொதியும் சோறும் ஒரு பிடி பிடித்துவிட்டு வந்தால் செவ்வாய்க்கிழமை எடை ஏறி, கொழுப்பு சதவீதம் இறங்கிக்கூட இருக்கும். கருவாடு, ஊறுகாய் உப்பும் நீரைப் பிடித்துவைக்கும். தசைக்காகக் கிரியேட்டின் பவுடர் எடுப்பவர்களுக்குத் தசையில் நீர் ஏறும். பெண்களுக்கு மாதவிலக்குக்கு முந்தைய சில நாட்கள் நீர் தங்கும், ஆகவே போன மாதம் அதே நாளோடு ஒப்பிட்டால்தான் அர்த்தம் உண்டு. நீர் பிரிய மாத்திரை எடுப்பவர்கள் மாத்திரை தொடங்கிய நாளையும் மாற்றிய நாளையும் நோட்டில் குறித்துவையுங்கள்.

பிறகு எப்போதுதான் நம்புவது? தினமும் 500 கலோரி குறைத்தால் நான்கு வாரத்தில் 14,000 கலோரி. ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700 என்று வைத்தால் 1.8 கிலோ. நம் 70 கிலோ ஆளுக்கு அது 25-லிருந்து 23 சதவீதம்: ஒழுங்காகச் செய்த ஒரு மாதத்துக்குக் கிடைப்பது இரண்டே புள்ளி. நாளொன்றுக்கு ஒன்று, ஒன்றரைப் புள்ளி தானாக ஆடுகிற மெஷினில் நேற்றையும் இன்றையும் வைத்துப் பார்த்தால் என்ன தெரியும்? ஏழு நாள் எண்ணைக் கூட்டி ஏழால் வகுத்து, வார சராசரியை மட்டும் நோட்டில் எழுதுங்கள். ஏழின் சராசரியில் ஆட்டம் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். டயட்டின் முதல் வாரத்தை ஒப்பீட்டில் சேர்க்காதீர்கள். இரண்டாவது வாரத்துக்கும் ஆறாவது வாரத்துக்கும் ஒப்பிடுங்கள்.

"என்ன செஞ்சாலும் எண் அசையவே இல்ல"

தடித்த ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு ஏறுங்கள். எடை மட்டும் வந்து கொழுப்பு வராவிட்டால் மெஷின் நேர்மையானது. செருப்போடும் கொழுப்பு சதவீதம் வந்தால் அது தடையை அளக்கவே இல்லை. உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்குப் போட்டு ஒப்பேற்றுகிறது, அல்லது பழைய எண்ணை நீட்டுகிறது. அதில் எடை பாருங்கள், மற்றதை மறந்துவிடுங்கள்.

"திடீர்னு மூணு புள்ளி மாறிட்டு"

அமைப்பைத் திறந்து பாருங்கள். உயரம்தான் முதல் குற்றவாளி. ஐந்தடி ஏழங்குலம் என்பதை 5.7 என்று தட்டினால், சில ஆப்கள் அதை 5.7 அடி என்று எடுத்துக்கொள்ளும். ஐந்தடி ஏழங்குலம் 170 செ.மீ., 5.7 அடியோ 173.7 செ.மீ. சூத்திரத்தில் உயரம் வர்க்கமாக வருவதால், 2 செ.மீ. தப்பினாலே கொழுப்பில்லாத எடையில் ஒரு கிலோவுக்கு மேல் பிசகும், 70 கிலோ ஆளுக்கு ஒன்றரைப் புள்ளிக்கு மேல் மாறும். சென்டிமீட்டரிலேயே கொடுங்கள், சுவரில் சாய்ந்து நின்று அளந்து.

அடுத்து ஆள் மாறாட்டம். அண்ணன் 71, தம்பி 69 என்றால் ஆப் எடையை வைத்து ஆளை ஊகித்து ஒருவர் எண்ணை மற்றவர் கணக்கில் எழுதிவிடும். ஏறும் முன் பெயரைத் தேர்ந்துவிட்டு ஏறுங்கள். பிறந்தநாளுக்கு மறுநாள் கொஞ்சம் ஏறினால் வயது ஒன்று கூடியதால் இருக்கலாம்.

'அத்லெட்' என்ற முறையைத் தெரியாமல் தட்டியிருந்தாலும் பல புள்ளி குறைந்துவிடும். வாரத்துக்குப் பத்து மணி நேரம் கடும் பயிற்சி, ஓய்வில் நாடித்துடிப்பு 60 அளவில் உள்ளவர்களுக்கான முறை அது. காலையில் அரை மணி நேரம் நடப்பவருக்கு இல்லை. தட்டியவர்களுக்கு எண்ணைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும்.

"ஜிம் மெஷின் 22 சொல்லுது, வீட்டு மெஷின் 27 சொல்லுது"

இரண்டையும் ஒப்பிடாதீர்கள். கைப்பிடியும் உள்ள மெஷினில் மின்சாரம் கை, உடல், கால் எல்லாவற்றின் வழியாகவும் போகும். வீட்டு மெஷினில் கால் வழி மட்டும். சூத்திரமும் ஒவ்வொரு கம்பெனிக்கும் வேறு, அதை வெளியே சொல்லவும் மாட்டார்கள். பல சூத்திரங்கள் வேற்று நாட்டு உடம்புகளை அளந்து எழுதியவை. ஒரே உயரம், ஒரே எடையில் நம்மவர்களுக்குக் கொழுப்பு விகிதம் கூடுதல். எக்ஸ்ரே கொண்டு கொழுப்பு, தசை, எலும்பைப் பிரித்து அளக்கும் டெக்ஸா ஸ்கேனோடு ஒப்பிட்டால் வீட்டு மெஷின் ஒரு தனி ஆளுக்கு நாலைந்து புள்ளி தள்ளி நிற்பது சாதாரணம். எப்போதும் அதே பக்கம் தள்ளி நின்றால் ஏற்ற இறக்கத்தைப் பார்க்க அது போதும். ஆகவே மெஷினை மாற்றினால் நோட்டில் கோடு போட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.

"எண் நல்லாத்தான் இருக்கு, தொப்பை அப்படியே இருக்கு"

தொப்பையைத்தான் நம்ப வேண்டும். உடம்பின் நடுப்பகுதி எடையில் பாதி வரை இருந்தாலும், முழு உடம்பின் மின்தடையில் அதன் பங்கு பத்தில் ஒன்றுதான். தடித்த கம்பியில் தடை குறைவு என்பதுபோல. அதிலும் கால் மெஷின் அடிவயிற்றோடு திரும்பிவிடும். ஒல்லிக் காலும் முன்தள்ளிய வயிறும் உள்ள ஆணுக்கு மெஷின் தாராளமாகச் சலுகை காட்டும். திரையில் வரும் 'உள்ளுறுப்புக் கொழுப்பு' எண் பெரும்பாலும் சூத்திரத்தின் ஊகம். 'உடல் வயது' என்பதை அப்பளம் பொரிக்கிற நேரத்தில் பார்த்துச் சிரிக்கலாம்.

தையற்கடை டேப் ஒன்று போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், தரைக்கு இணையாகச் சுற்றுங்கள். வயிற்றை உள்ளே இழுக்காமல், சாதாரணமாக மூச்சுவிட்டு முடிந்த இடத்தில் படியுங்கள். வேட்டி கட்டுகிற இடம் தொப்பைக்குக் கீழே போயிருக்கும், அங்கே அளக்காதீர்கள். நம் நாட்டு அளவுகோல் ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. வாரம் ஒருநாள், அதே காலை வேளையில். சதவீத சராசரியும் இடுப்பளவும் சேர்ந்து இறங்கினால் சந்தேகமே இல்லை. இரண்டும் முரண்பட்டால் டேப் சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள்.

யார் ஏறக்கூடாது

பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இந்த வகை மெஷினில் ஏறவே வேண்டாம், சாதாரண எடை மெஷினில் பாருங்கள். கர்ப்பிணிகளுக்குக் கொழுப்பு எண்ணுக்கு அர்த்தமில்லை, தயாரிப்பாளர்களே வேண்டாம் என்று அச்சிட்டிருப்பார்கள். 'எடை மட்டும்' என்ற முறை இருந்தால் அதில் பாருங்கள். டயாலிசிஸ் செய்பவர்கள், கால் வீக்கம் உள்ளவர்கள், எலும்பு முறிந்து காலில் கம்பி வைத்தவர்கள் ஏறினால் ஆபத்தில்லை, ஆனால் வரும் சதவீதம் எதற்கும் உதவாது. கால் வீங்கியவருக்குக் கொழுப்பு குறைந்ததாக மெஷின் சொல்லும். அன்றைக்குப் போக வேண்டிய இடம் டாக்டர் வீடு.